பூனை மூத்திர வாடை வீட்டில் எங்கிருந்து வருகிறது? கண்டுபிடிக்கும் வழி

போன ஐப்பசியில் மழை பிடித்த வாரம் எங்கள் படுக்கையறையில் ஒரு வாடை கிளம்பியது. கதவைத் திறந்தாலே மூக்கில் ஏறும். எங்கள் பூனை மிளகுதான் எங்கோ மூத்திரம் போய்விட்டான் என்பது தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. மெத்தையாக இருக்கும் என்று முடிவு செய்து, 7,000 ரூபாய் கொடுத்து வாங்கிய இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். வாடை போகவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தோம், தினமும் இரண்டு முறை தரையைக் கழுவினோம், அப்போதும் போகவில்லை. ஏழாவது வாரம்தான் இடம் அகப்பட்டது. ஆளுயர ப்ளைவுட் அலமாரியின் அடியில், கண்ணுக்கே தெரியாத ஒரு பொந்து.

மெத்தை மேல் குற்றமே இல்லை. தேடும் முறை தெரிந்திருந்தால் இரண்டு மூன்று இரவில் முடிந்திருக்கும் வேலை இது. நீங்களும் ஏழு வாரம் அலைய வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். பூனையை வைத்து எழுதியிருந்தாலும், நாய் வளர்ப்பவர்களுக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

1. துடைப்பதை முதலில் நிறுத்துங்கள்

வாடை வந்ததும் கை ஃபினாயில் பாட்டிலுக்குத்தான் போகும். வேண்டாம். வாசனை திரவம் ஊற்றினால் அறை முழுக்க ஒரே மணமாகி, உண்மையான இடத்தை மூக்கால் பிரிக்க முடியாமல் போகும். ஈர மாப் போட்டு இழுத்தால் ஓர் இடத்தில் இருந்தது அறை முழுக்கப் பரவும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. கருப்பு ஃபினாயிலும் குளோரோசைலினால் கலந்த கிருமிநாசினிகளும் அதற்கு விஷம். தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கும் திரவம் எதுவானாலும், பூனை இருக்கும் வீட்டில் அதைத் தள்ளி வையுங்கள்.

ப்ளீச்சிங் பவுடரும் கூடாது. மூத்திரம் பழையதாக ஆக அதில் அம்மோனியா உண்டாகும். ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். மூடிய குளியலறைக்குள் இதைச் செய்வது உண்மையிலேயே ஆபத்து.

தேடி முடிக்கும் வரை ஜன்னல் திறந்திருக்கட்டும், விளக்குமாறு மட்டும் போதும்.

2. பூனையைக் கவனியுங்கள், இடத்தை அப்புறம் தேடலாம்

லிட்டர் பாக்ஸில் (பூனை போவதற்காக மணல் போட்டு வைக்கும் பெட்டி) ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போகிறது என்றால் உடம்பில் கோளாறு இருக்கலாம். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, வயதான பூனைக்கு மூட்டு வலி என்று காரணங்கள் பல.

இதில் ஒன்றை மட்டும் மனதில் அழுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது, கத்துகிறது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறது என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அந்த நேரமே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மருத்துவரிடம் கொண்டு போக வேண்டியவை:

தடுப்பூசிப் புத்தகம். கருத்தடை செய்திருந்தால் அந்தச் சீட்டு. எந்தத் தேதியில், வீட்டில் எந்த இடத்தில், எவ்வளவு போயிருந்தது என்று எழுதிய ஒரு தாள். போகும்போது பூனை நிற்கிறதா உட்காருகிறதா என்று தெரியும்படி எடுத்த வீடியோ. முடிந்தால் மூத்திர மாதிரி. லிட்டர் பாக்ஸை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மணல் போடாமல் வைத்தால் சில பூனைகள் அதிலேயே போகும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சுத்தமான டப்பாவில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு போய்விடுங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் தனியாக மூடி வையுங்கள்.

எங்களுக்குத் தனியார் மருத்துவரிடம் பார்த்ததற்கும் மூத்திரப் பரிசோதனைக்கும் சேர்த்து 900 ரூபாய் ஆனது. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், செலவு குறையும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

மிளகுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் மருத்துவர், "புதுசா வேற பூனை ஏதாவது உங்க வீட்டுப் பக்கம் வருதா?" என்று கேட்டார். வந்துகொண்டிருந்தது. பால்கனிச் சுவரில் ஒரு கடுவன் தினமும் சாயங்காலம் உட்காரும். தேடலின் திசையே அந்தக் கேள்வியால் மாறியது. எப்படி என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. பூனை மேல் பழி போடும் முன் இவற்றைப் பாருங்கள்

குளியலறையிலும் பால்கனியிலும் தண்ணீர் வெளியேறும் வாயில் உள்ள நாணி ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிப் போனால் சாக்கடை வாடை நேராக வீட்டுக்குள் வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு அரை நாள் பொறுங்கள். வாடை அடங்கிவிட்டால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்தது பரண். எலி மூத்திரமும் கிட்டத்தட்ட இதே போலத்தான் நாறும். புழுக்கை கிடக்கிறதா, அட்டைப்பெட்டி கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் கையுறை இல்லாமல் பரணில் கை வைக்காதீர்கள்.

ஈரம் காயாத மாப்பையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

4. மூக்கை வைத்து அறையைப் பிரியுங்கள்

வீட்டுக்குள்ளேயே இருந்தால் மூக்கு பழகிவிடும். பத்து நிமிடத்தில் வாடை போய்விட்டது போலத் தோன்றும், உண்மையில் போயிருக்காது. அதனால் அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். நீங்கள் வெளியே போய் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வரும் முதல் இரண்டு மூன்று மூச்சு மட்டும்தான் கணக்கு. எந்தப் பக்கம் கடுமையாக இருக்கிறது என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

பூனை வளர்க்காத ஒருவரை அழைத்தால் இன்னும் நல்லது. எங்களுக்குக் கை கொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. நாங்கள் கட்டில் பக்கம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே வந்த வேகத்தில், "இங்கேர்ந்து இல்லப்பா, அந்த மூலையிலேர்ந்துதான் வருது" என்று அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். வெட்கப்பட வேண்டாம், கேளுங்கள்.

நின்றபடி முகர்ந்தால் போதாது. முட்டி போட்டுத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்துச் சுவர் ஓரமாகவே நகர வேண்டும். மழை நாளும் விடிகாலையும் இதற்கு ஏற்ற நேரம். மூத்திரத்தில் உள்ள யூரியா தண்ணீரோடு போய்விடும். யூரிக் அமிலம் எளிதில் கரையாமல் படிகமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காற்றில் ஈரம் ஏறியதும் வாடை மறுபடி கிளம்பும். வெயில் காலத்தில் ஒன்றுமே இல்லாத வீடு ஐப்பசி கார்த்திகையில் நாறுவதற்கு இதுதான் காரணம். வெயில் நாளில் தேட வேண்டியிருந்தால், சந்தேகப்படும் இடத்தில் வெறும் தண்ணீரை லேசாகத் தெளித்து ஐந்து நிமிடம் விட்டு முகருங்கள்.

5. யூவி டார்ச்

காய்ந்த மூத்திரக் கறை புற ஊதா (யூவி) ஒளியில் ஒளிரும். ஆன்லைனில் 400 முதல் 600 ரூபாய்க்குள் சாதாரண யூவி டார்ச் கிடைக்கிறது. மலிவானவற்றின் ஒளி அலைநீளம் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதில் ஊதா வெளிச்சமே அதிகமாகத் தெரிவதால் மங்கலான கறை மறைந்துவிடும். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பது விலை கூடினாலும் கறையைத் தெளிவாகக் காட்டும். நான் முதலில் வாங்கிய 395 டார்ச்சிலேயே வேலை முடிந்தது, ஆனால் நேரம் பிடித்தது.

இரவு எட்டு மணிக்கு மேல், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். தெருவிளக்கு உள்ளே வந்தால் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருங்கள். டார்ச்சைத் தரைக்கு ஓர் அடி தள்ளிப் பிடித்து, மெதுவாக, பட்டை பட்டையாக நகர்த்துங்கள். காய்ந்த மூத்திரம் மங்கிய மஞ்சளாகவோ வெளிர் பச்சையாகவோ தெரியும். வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது. குழந்தை, பூனை இரண்டையும் வேறு அறையில் விட்டுவிடுங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒளிர்வதெல்லாம் மூத்திரம் இல்லை. சோப்புத்தூள் கறை, வெள்ளைத் துணி, காகிதம், சில பசைகள் எல்லாமே ஒளிரும். நாங்கள் பார்த்த முதல் இரவில் மெத்தை விரிப்பு முழுக்க நீலமாக ஜொலித்தது. அது சோப்புத்தூளின் வேலை. அதைப் பார்த்துத்தான் மெத்தையைக் கழித்தோம். பளீரென்ற நீல வெள்ளை என்றால் முதலில் சோப்பைச் சந்தேகப்படுங்கள். மங்கலான மஞ்சள் என்றால் அங்கே ஒரு துண்டு பெயின்டர் டேப் ஒட்டி, அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். எல்லாவற்றையும் அடையாளம் வைத்த பிறகுதான் விளக்கைப் போட வேண்டும்.

6. கறையின் வடிவம் ஒரு விஷயம் சொல்லும்

தரையில் வட்டமாகத் தேங்கியிருந்தால் பூனை உட்கார்ந்து போயிருக்கிறது. லிட்டர் பாக்ஸ் பிடிக்கவில்லை, அல்லது உடம்பு சரியில்லை என்று பொருள். சுவரிலோ கதவிலோ ஒரு சாண் உயரத்தில் தொடங்கிக் கீழே கோடாக ஒழுகியிருந்தால், வாலைத் தூக்கிப் பின்பக்கமாகப் பீய்ச்சியிருக்கிறது. இது எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத ஆண் பூனைகளிடம் இது அதிகம். கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் வெளிப் பூனை வந்தால், கருத்தடை செய்ததும்கூட மறுபடி பீய்ச்சும். நாய்க்கும் இதே கணக்குதான், காலைத் தூக்கிப் போகும் ஆண் நாய் என்றால் கதவு நிலையின் ஓரம், சோஃபாவின் கால், திரைச்சீலையின் நுனி ஆகியவற்றைப் பாருங்கள்.

மருத்துவர் கேட்ட கேள்வி எங்களுக்கு உதவியது இங்கேதான். அதுவரை தரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், பால்கனியைப் பார்த்த மாதிரி நிற்கும் பரப்புகளில் டார்ச்சை அடித்தோம். அலமாரியின் பக்கவாட்டில் நான்கைந்து கோடுகள் ஒழுகியிருந்தன. எல்லாம் அடியில் இருந்த விரலளவு இடுக்கில் போய் முடிந்திருந்தன.

7. கண்ணுக்குத் தெரியாத இடத்தை உறுதி செய்வது

பொருளைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. சந்தேகமான நான்கைந்து இடங்களில் இடத்துக்கொரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி, கிண்ணத்துக்குள் முகருங்கள். அடியில் வாடை சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சுவர் போன்ற நிற்கும் பரப்பில், ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து அதை முகர்ந்து பாருங்கள்.

தவறவிடும் இடங்கள்: ப்ளைவுட் அலமாரியின் அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவே உள்ள பொந்து, சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் சுவரோடு சேரும் கோடு, கதவு நிலையின் அடிநுனி, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பின்னால் உள்ள சுவர், சுருட்டி நிறுத்திய கோரைப்பாய், மூலையில் அடுக்கிய பழைய செய்தித்தாள், அரிசிச் சாக்கு, சோஃபாவின் அடியில் அடித்திருக்கும் கருப்புத் துணி. லிட்டர் பாக்ஸையும் விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக்கில் நகக் கீறல் விழுந்தால் உள்ளே வாடை தங்கிவிடும், எவ்வளவு கழுவினாலும் போகாது.

8. சுத்தம் செய்வது

நொதி கலந்த க்ளீனர்தான் உண்மையில் வேலை செய்கிறது. செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் க்ளீனர் என்று கேளுங்கள். அரை லிட்டருக்கு 450 முதல் 700 ரூபாய் வரை பார்த்தேன். எங்களுக்கு இரண்டு பாட்டில் தேவைப்பட்டது.

முன்பு ஃபினாயிலோ ப்ளீச்சோ போட்ட இடமென்றால் வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். இல்லையென்றால் நொதி செத்துவிடும். கறை தெரியும் அளவுக்கு மட்டும் தெளிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மூத்திரம் எவ்வளவு ஆழமும் அகலமும் போயிருக்கிறதோ, அதைவிடக் கூடுதலாக நனைய வேண்டும். பிளாஸ்டிக் தாளால் மூடி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே வைத்திருங்கள். அப்புறம் தானாகக் காயட்டும். ஹேர் டிரையர், நீராவி, கொதிநீர் எதுவும் வேண்டாம், சூடு பட்டால் கறை இறுகிவிடும். முதல் இரண்டு நாள் வாடை கூடுவது போலத் தெரியும். ஈரத்தால் வருவது அது, பயப்பட வேண்டாம்.

நொதி க்ளீனர் கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. ஆனால் கடப்பா கல், மார்பிள், மொசைக், ரெட் ஆக்ஸைடு தரைகளில் வினிகர் படவே கூடாது. அமிலம் சுண்ணாம்பையும் சிமெண்டையும் அரித்து, பளபளப்பைக் கெடுத்துவிடும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் பாதி இந்தத் தரைகள்தான். வாடகை வீடென்றால் இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வெளுத்தாலும் பரவாயில்லை என்ற பரப்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டு. மருந்துக்கடை பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். கலந்ததும் பயன்படுத்திவிடுங்கள். மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். வினிகரோடு இதைக் கலக்கக் கூடாது. அது காயும் வரை பூனையும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

பஞ்சு மெத்தையின் மேலுறையில் மட்டும் பட்டிருந்தால் வெயில் போதும். உள்ளே இறங்கியிருந்தால் பஞ்சைப் பிரித்து, நனைந்ததை மட்டும் கழித்துவிட்டு மறுபடி அடைக்கச் சொல்லுங்கள், முழு மெத்தையையும் வீச வேண்டியதில்லை. ப்ளைவுட் ஊறி உப்பியிருந்தால் க்ளீனர் உள்ளே போகாது. நாங்கள் தச்சரை அழைத்து அடிப்பலகையை மட்டும் மாற்றினோம், கூலியும் பலகையும் 1,800 ரூபாய். அதன் அடியில் இருந்த தரையைக் கழுவி, ஒரு வாரம் திறந்தே காயவிட்டு, இடுக்கை சிலிக்கோன் பசை வைத்து அடைத்தோம்.

9. வாடகை வீடாக இருந்தால்

ஸ்கர்ட்டிங்கையோ பதித்த அலமாரியையோ கழற்றுவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சொல்லி, சரி என்ற பதிலை வாங்கிவிடுங்கள். போனில் பேசியது பிறகு ஞாபகத்தில் இருக்காது. தேதி தெரியும்படி முன், பின் படங்கள், தச்சர் எழுதிக் கொடுத்த ரசீது, க்ளீனர் பில், மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வீடு காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்து பெயின்ட் செலவு பிடிப்பார்கள். எது உங்களால் ஆனது, எது முன்பே இருந்தது என்று காட்ட இவைதான் கையில் இருக்கும். குடி வந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

10. எவ்வளவு நாள், எவ்வளவு பணம்

மருத்துவரிடம் ஒரு நாள். மூக்கும் டார்ச்சும் இரண்டு இரவு, கிண்ணச் சோதனை இன்னோர் இரவு. சுத்தம் செய்வது நான்கைந்து நாள், ஏனென்றால் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டிவரும். மழைக்காலத்தில் மரம் காயப் பத்து நாளாவது ஆகும். தேவையான செலவு எங்களுக்கு மருத்துவர் 900, டார்ச் 450, க்ளீனர் 1,100, தச்சர் 1,800, ஆக 4,250 ரூபாய். மெத்தையின் 7,000 இதில் சேராது. அது தப்பாகக் கணித்ததால் போன பணம்.

11. மறுபடி வராமல் இருக்க

பூனையை அடிக்காதீர்கள், மூக்கைக் கறையில் தேய்க்காதீர்கள். பயந்த பூனை இன்னும் மறைவான இடமாகப் பார்த்துப் போகும், உங்கள் தேடல் இரண்டு மடங்காகும்.

லிட்டர் பாக்ஸ் கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி. ஒரு பூனைக்கு இரண்டு. தினமும் அள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வாஷிங் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். வெளிப் பூனைதான் காரணம் என்றால் அது தெரியாதபடி ஜன்னலின் கீழ்ப்பாதியில் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எங்கள் பால்கனிக் கம்பியில் பாதி உயரத்துக்குப் பச்சை வலைத் துணி கட்டினோம், 200 ரூபாய். அந்தக் கடுவனைப் பக்கத்துத் தெருவில் விலங்குகளுக்கு உதவும் இளைஞர்கள் பிடித்துக் கருத்தடை செய்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது வாசல்படியில் வந்து சாப்பிடுகிறான், மிளகு கண்டுகொள்வதில்லை.

வாடை போய்விட்டதா என்று வெயில் நாளில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்து, ஜன்னல் சாத்தியே இருந்த அறைக்குள், வெளியே போய்வந்த மூக்கோடு நுழைந்து பாருங்கள். அதே மூலையில் கிண்ணத்தையும் ஓர் இரவு கவிழ்த்துவையுங்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் அந்த டேப்பை உரித்துவிடலாம்.